கூலி உயர்ந்தால் உதவி நிற்கிறது: தூய்மைப் பணியாளர் குடும்பங்களும் வருமான வரம்பும்

2025 ஆகஸ்ட் முதல் நாளன்று சென்னை ரிப்பன் மாளிகை முன் அமர்ந்த தூய்மைப் பணியாளர்கள் 13 நாட்கள் அங்கேயே இருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மிகப் பெரும்பாலோர் பட்டியல் சாதியினர். இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய ஐந்தாம், ஆறாம் மண்டலங்களின் குப்பை அகற்றும் பணி தனியாருக்கு ஒப்படைக்கப்பட்டதை எதிர்த்தே அவர்கள் போராடினர். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழியாக மாநகராட்சிக்கு வேலை செய்தபோது அவர்களுக்கு நாளொன்றுக்கு 753 ரூபாய் கிடைத்தது. மாதத்தின் 30 நாளும் வேலைக்கு வந்தால் 22,590 ரூபாய். ஒப்பந்த நிறுவனம் தருவதாகச் சொன்ன தொகை 16,950 ரூபாய். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் அவர்கள் கைது செய்யப்பட்டு அப்புறப்படுத்தப்பட்டனர். மறுநாள் கூடிய தமிழக அமைச்சரவை, தூய்மைப் பணியாளர்களுக்கென ஆறு நலத்திட்டங்களை அறிவித்தது.

அந்த ஆறினையும் இங்கே சொல்லிவிடுவோம். தொழில்சார் நோய்களுக்குச் சிகிச்சை, பணியின்போது இறந்தால் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் காப்பீடு, சுயதொழில் கடனுக்கு மானியம், பிள்ளைகளின் உயர்கல்விக்கு உதவி, மூன்றாண்டுகளில் 30,000 வீடுகள், காலை உணவு. இவற்றுள் எதையும் நாம் சிறுமைப்படுத்தவில்லை. விடியற்காலையில் வெறும் வயிற்றோடு தெருவில் இறங்கும் பெண்ணுக்குக் காலை உணவு பெரிய உதவிதான். ஆயினும் கேட்கப்பட்டது கூலியும் பணி நிரந்தரமும், கொடுக்கப்பட்டது நலத்திட்டம். ஆறில் ஒன்றுகூட நாட்கூலியை ஒரு ரூபாய் உயர்த்தவில்லை.

கூலியும் நலத்திட்டமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்றுதான் பொதுவாக எண்ணப்படுகிறது. நடைமுறையில் ஒன்று உயரும்போது மற்றொன்று பறிபோகும்படி விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. உதவி பெற்றுவரும் ஓர் உழைப்பாளி தன் வருவாயைக் கூட்டிக்கொள்ள முயன்றால் அந்த விதிகள் அவரை எப்படி நடத்துகின்றன என்பதை இக்கட்டுரையில் கணக்கோடு பார்க்கிறோம்.

ஒரு வீட்டின் கணக்கு

ஒரே ஒருவர் சம்பாதிக்கும் தூய்மைப் பணியாளர் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் 16,950 ரூபாய் என்றால் ஆண்டு வருமானம் 2,03,400. மாதம் 22,590 என்றால் 2,71,080. இரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடு ஆண்டுக்கு 67,680 ரூபாய். இந்த இரு தொகைகளுக்கும் நடுவில்தான் 2,50,000 என்ற கோடு கிடக்கிறது.

ஒன்றிய அரசின் பட்டியல் சாதி மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை, பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்தைத் தாண்டாத மாணவருக்கே உரியது. இந்த வரம்பு 2013-இல் வகுக்கப்பட்டது. 2021-இல் திட்டம் திருத்தப்பட்டு, ஒன்றியம் 60, மாநிலம் 40 விழுக்காடு எனச் செலவைப் பகிர்ந்துகொள்ளும் முறை வந்தது. வரம்பு மட்டும் அசையவில்லை. ரிப்பன் மாளிகைப் போராட்டம் நடந்த நாட்களிலும் அதுவே நடப்பில் இருந்தது. விலைவாசி உயர்வை மட்டும் சேர்த்திருந்தாலே அது இந்நேரம் நான்கு இலட்சத்தைக் கடந்திருக்கும்.

அந்த வீட்டுப் பெண் தனியார் பொறியியல் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்தில் படிக்கிறாள் என்று கொள்வோம். தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுகளுக்குத் தமிழகக் கட்டண நிர்ணயக் குழு 2017-இல் வகுத்த ஆண்டுக் கட்டணம் 55,000 ரூபாய். கணக்குக்கு அதையே எடுத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து சென்று தொழிற்படிப்பு படிப்பவருக்கு உதவித்தொகைத் திட்டம் தரும் ஆண்டுப் படி 7,000. ஆக 62,000 ரூபாய். தாயின் சம்பளம் 16,950 என்றால் இது முழுமையாகக் கிடைக்கும். 22,590 என்றால் ஒரு ரூபாய்கூடக் கிடையாது.

இதனோடு கலைஞர் மகளிர் உரிமைத் தொகையும் உண்டு. 2023 செப்டம்பரில் தொடங்கியபோது வெளியிடப்பட்ட நெறிமுறைப்படி, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டால் மாதம் ஆயிரம் ரூபாய்க்குத் தகுதியில்லை. ஆண்டுக்கு 12,000. வருமானச் சான்றிதழ் கேட்கப்படாததால் எல்லாருக்கும் இது உடனே நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் விதியை எழுத்துக்கு எழுத்து நடைமுறைப்படுத்தினால் கணக்கு இதுதான்: சம்பள உயர்வு 67,680, இழப்பு 74,000. மகள் கல்லூரியில் இருக்கும் நான்கு ஆண்டுகளும், கூலி கூடியதற்காக அந்தக் குடும்பம் ஆண்டுக்கு 6,320 ரூபாய் தண்டம் கட்டுகிறது.

முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை இருக்கிறதே என்று கேட்கலாம். அதற்கு வருமான வரம்பு இல்லை. ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை கல்விக் கட்டணம் குறையும். ஆனால் குடும்பத்தில் ஒருவருக்கே அச்சலுகை. அண்ணனோ அக்காவோ பட்டம் பெற்றிருந்தால் தங்கைக்கு அதுவும் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 753 ரூபாய் என்பது நாட்கூலி. வாரத்துக்கு ஒருநாள் ஓய்வெடுத்து மாதம் 26 நாள் வேலை செய்தால் 19,578 ரூபாய்தான் வரும், ஆண்டுக்கு 2,34,936. வரம்புக்குள் அடங்கிவிடும். ஓய்வே எடுக்காமல் உழைத்தால் வரம்பைத் தாண்டி உதவியை இழக்க வேண்டும். உழைப்பைப் போற்றுவதாகச் சொல்லும் அரசுகள் வகுத்த விதி இது.

மருத்துவத்திலும் இதே கோடு

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம், அதாவது ஈ.எஸ்.ஐ., தலித் தொழிலாளர் வரலாற்றோடு நேரடித் தொடர்புடையது. அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் செயற்குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த 1942–46 காலத்தில்தான் பேராசிரியர் அடார்க்கர் தொழிலாளர் காப்பீடு குறித்த தம் அறிக்கையை 1944-இல் அளித்தார். 1948-இல் சட்டம் வந்தது. நோயுற்றால் 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு, 26 வார மகப்பேற்று ஊதியம், வேலையில் இறந்தால் சார்ந்தோருக்கு மாதாந்திரத் தொகை, குடும்பத்துக்கே மருத்துவம் என ஒரு கூலித் தொழிலாளிக்கு இதைவிட முழுமையான பாதுகாப்பு இந்நாட்டில் வேறில்லை.

இதற்கான ஊதிய வரம்பு 2017 ஜனவரி முதல் மாதம் 21,000 ரூபாய். மீண்டும் நம் இரு தொகைகளையும் வைத்துப் பாருங்கள். 16,950 பெறுபவர் உள்ளே. 22,590 பெறுபவர் வெளியே. வெளியே தள்ளப்பட்டவர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாமா? அதன் வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000, மாதத்துக்குப் பத்தாயிரம். வருமானத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அங்கும் இடமில்லை. மலக்கழிவையும் மருத்துவக் கழிவையும் கையால் தொட நேரும் ஒரு தொழிலாளி, மாதம் 21,000-க்கு மேல் வாங்கினார் என்பதற்காக இரு காப்பீடுகளுக்கும் இடையில் விழுந்துவிடுகிறார்.

குறைந்த கூலியை நியாயப்படுத்த இந்த விதிகளே கைகொடுக்கின்றன. 2025 போராட்டத்தின்போது அரசுத் தரப்பு முன்வைத்த வாதம், ஒப்பந்த நிறுவனத்தில் வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ., போனஸ், விடுப்பு ஆகியன கிடைக்கும் என்பது. இவற்றைப் பணமாக்கிப் பார்ப்போம். 16,950 ரூபாய் முழுவதன் மீதும் கணக்கிட்டாலும் வைப்பு நிதியில் முதலாளியின் பங்கு 12 விழுக்காடு, 2,034 ரூபாய். ஈ.எஸ்.ஐ. பங்கு 3.25 விழுக்காடு, 551 ரூபாய். குறைந்தபட்ச போனஸ் 8.33 விழுக்காடு, 1,412 ரூபாய். மூன்றும் சேர்ந்து 3,997. குறைக்கப்பட்ட கூலியோ மாதம் 5,640 ரூபாய். சட்டப்படி முன்பே தந்திருக்க வேண்டிய பாதுகாப்புகளைப் புதிய சலுகையாகக் காட்டி, அதற்கு விலையாகக் கூலியையும் வெட்டியிருக்கிறார்கள்.

யாருக்கு எட்டு இலட்சம், யாருக்கு இரண்டரை

வருமான வரம்பு என்பது அரசின் நிதிநிலை சார்ந்த பொதுவான ஏற்பாடு, அதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்கு ஓர் எண்ணைக் காட்டுவோம். 2019 ஜனவரியில் 103-ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் வழியாகப் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 விழுக்காடு இடஒதுக்கீடு வந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் அதில் சேர முடியாது. அதற்கான வருமான வரம்பு ஆண்டுக்கு எட்டு இலட்சம். 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அத்திருத்தத்தை உறுதி செய்தது.

அதே ஒன்றிய அரசு, அதே நாடு, அதே விலைவாசி. பட்டியலுக்கு வெளியே உள்ள குடும்பம் மாதம் 66,000 ரூபாய் ஈட்டினாலும் நலிந்த பிரிவு. பட்டியல் சாதிக் குடும்பம் மாதம் 20,833 ரூபாயைத் தாண்டினாலே பிள்ளையின் படிப்புக்கு உதவி தேவைப்படாத வசதியான குடும்பம். ஒன்று இடஒதுக்கீடு, மற்றது உதவித்தொகை. இரண்டும் வேறு என்ற தொழில்நுட்ப விடையை நாம் அறிவோம். வறுமை எது என்று வரையறுக்கும் கை ஒன்றுதான் என்பதே நம் கேள்வி.

வருமானம் யாருடையது வெளியே தெரிகிறது என்பதிலும் சாதி இருக்கிறது. மாநகராட்சியோ ஒப்பந்ததாரரோ தரும் கூலி வங்கிக் கணக்கில் விழுகிறது. வைப்பு நிதி எண்ணோடு பதிவாகிறது. கடைக்காரரும் நிலவுடைமையாளரும் வட்டாட்சியர் அலுவலகத்தில் சொல்வதே அவர்களது வருமானம். கிராம நிர்வாக அலுவலரின் விசாரணை எந்தத் தெருவில் எவ்வளவு ஆழமாக நடக்கும் என்பதை ஊரில் வாழ்ந்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

குடும்ப வருமானத்தைக் கூட்டிப் பார்க்கும் விதி பெண்களின் உழைப்பைக் கூடுதலாகத் தாக்குகிறது. கணவர் 16,950 ரூபாய்க்கு வேலை செய்கிறார். மனைவி இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்து மாதம் ஐயாயிரம் ஈட்டுகிறார். இருவர் வருமானமும் சேர்ந்து 2,63,400, வரம்பு தாண்டிவிட்டது. பதிவில்லாத வேலையில் இருக்கும்வரை அந்த ஐயாயிரம் கண்ணில் படாது. அதே பெண் மேலான சம்பளத்தோடு பதிவான வேலை ஒன்றுக்குப் போனால் கண்ணில் பட்டுவிடும். முன்னேற்றம் என்று நாம் அழைக்கும் அந்த ஒரு படியைத்தான் விதி தண்டிக்கிறது.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் நோயுற்ற உறவினரைப் பராமரிப்போருக்கு வாராந்திர உதவித்தொகை ஒன்று உண்டு. 2024-25-இல் அவர்கள் வேறு வேலை செய்து வாரம் 151 பவுண்டு வரை ஈட்டலாம். ஒரு பென்னி கூடினாலும் 81.90 பவுண்டு உதவி முழுவதும் போய்விடும். தெரியாமல் வரம்பைத் தாண்டியவர்களிடம் பழைய தொகையை அரசு திரும்பக் கேட்டது அங்கே பெரும் பிரச்சினையானது. 2025 ஏப்ரலில் வரம்பு 196 பவுண்டாக உயர்த்தப்பட்டது.

அதே நாட்டின் மற்றொரு திட்டமான யுனிவர்சல் கிரெடிட் வேறு வழியில் செல்கிறது. அதில் உதவி ஒரேயடியாக வெட்டப்படுவதில்லை. கூடுதலாக ஈட்டும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் உதவி குறையும். 2021 இறுதிவரை 63 பென்ஸ் குறைந்துவந்தது. 55 என்பதும் அதிகம்தான். ஆனால் உழைத்தவர் கையில் 45 பென்ஸாவது மிஞ்சும் என்பது உறுதி. சம்பளம் கூடியதால் மொத்த வருவாய் குறையும் அவலம் அங்கே இல்லை.

இதைப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பொருத்திப் பார்க்கலாம். இரண்டரை இலட்சத்துக்கு மேல் ஈட்டும் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் உதவியில் 20 ரூபாய் குறையட்டும். நம் எடுத்துக்காட்டுக் குடும்பம் 21,080 ரூபாய் கூடுதலாக ஈட்டுகிறது, குறைவது 4,216. கையில் கிடைப்பது 57,784. ஆண்டு வருமானம் 5,60,000 ஆகும்போதுதான் உதவி முழுவதும் நிற்கும். அப்போதும் அது எட்டு இலட்சத்துக்குக் கீழேதான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இதைவிட எளிய வழிக்குத் தமிழகத்திலேயே முன்மாதிரிகள் உண்டு. பொது விநியோகத் திட்ட அரிசிக்கு இங்கே வருமான வரம்பு இல்லை. 2021 மே முதல் நடைமுறையில் உள்ள மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்துக்கு இல்லை. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்துக்கும் இல்லை. அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும். அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பொறியியல் சேருவோரின் கட்டணத்தை அரசே ஏற்பதற்கும் பெற்றோர் வருமானம் தடையாக இல்லை. கூலி உயர்ந்ததால் பேருந்துச் சீட்டு வாங்க வேண்டிவந்த தூய்மைப் பணியாளர் எவரும் இல்லை. வரம்பில்லாத உதவி உழைப்பைத் தண்டிப்பதில்லை. வட்டாட்சியர் அலுவலக வாசலில் காத்திருக்கவும் வைப்பதில்லை.

கடனும் பயிற்சியும்

வருவாயை உயர்த்த அரசு காட்டும் வழி பெரும்பாலும் சுயதொழில்தான். தாட்கோ வழியான திட்டங்களிலும், 2025 ஆகஸ்ட் அறிவிப்பிலும் வாய்பாடு ஒன்றே: திட்ட மதிப்பில் 35 விழுக்காடு, அதிகபட்சம் மூன்றரை இலட்சம் மானியம், தவணை தவறாமல் கட்டினால் ஆறு விழுக்காடு வட்டிச் சலுகை. பத்து இலட்ச ரூபாய்த் தொழிலுக்கு மானியம் போக ஆறரை இலட்சம் வங்கிக் கடன். மானியத்தை அறிவிப்பது அரசு. கடனைத் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்வது வங்கிக் கிளை மேலாளர். அடமானமாகக் காட்ட நிலமோ, ஜாமீன் நிற்க அரசு ஊழியரோ இல்லாத வீட்டுக்கு அந்த மேசை எவ்வளவு தூரம் என்பது விண்ணப்பித்தவர்களுக்குத் தெரியும். நன்றாக நடத்தி வென்றவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு துறையின் கூலியை வெட்டிவிட்டு, அத்துறையினரைத் தொழில்முனைவோராகுங்கள் என்பது கூலிக் கோரிக்கைக்கு விடையாகாது.

பயிற்சியின் நிலை இன்னும் மோசம். கையால் மலம் அள்ளுவோர் மறுவாழ்வுக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டிய மறுவாழ்வுத் திட்டத்தில் ஒருமுறை நிதி 40,000 ரூபாய். இரண்டு ஆண்டு வரை திறன் பயிற்சி. பயிற்சிக் காலத்தில் மாதம் 3,000 ரூபாய். நாளுக்கு நூறு ரூபாயில் ஒரு குடும்பம் இரண்டு ஆண்டு வாழ வேண்டும். அதனால்தான் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவரும் இரவில் கழிவுநீர்த் தொட்டிக்குக் கூப்பிட்டால் போகிறார். நாட்டின் கழிவுநீர், மலத்தொட்டித் தொழிலாளர் குறித்து 2024-இல் வெளியான ஒன்றிய அரசின் கணக்கெடுப்பு விவரப்படி, அடையாளம் காணப்பட்ட ஏறத்தாழ 38,000 பேரில் 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். பயிற்சிக் காலப் படி, விடப்போகும் வேலையின் கூலிக்கு ஈடாக இல்லாதவரை அந்த வேலையை எவராலும் விட முடியாது.

ஊராட்சிகளில் வரம்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்குள்ள தூய்மைக் காவலர்களின் மாதத் தொகை 3,600-இலிருந்து 5,000-ஆக உயர்த்தப்பட்டது. ஆண்டுக்கு 60,000. எந்த வரம்பையும் தாண்டும் ஆபத்து அவர்களுக்கு இல்லை.

நாம் முன்வைப்பவை இவை. கல்வி உதவித்தொகையின் வரம்பை எட்டு இலட்சமாக்க வேண்டும். அதுவரை படிப்படியாகக் குறையும் முறையைக் கொண்டுவர வேண்டும். வரம்புகள் ஆண்டுதோறும் விலைவாசிக் குறியீட்டோடு தாமே உயர வேண்டும். அமைச்சர்களின் கருணைக்குக் காத்திருக்கலாகாது. மாநில அரசு தன் சொந்தத் திட்டங்களில் தூய்மைப் பணிக் கூலியை வருமானக் கணக்கிலிருந்து விலக்குவதற்கு ஒன்றியத்தின் ஒப்புதல் வேண்டியதில்லை. ஓர் அரசாணை போதும். ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே, பணியாளர் கடைசியாகப் பெற்ற ஊதியத்துக்குக் குறையக்கூடாது என்ற நிபந்தனை எழுதப்பட வேண்டும். தெருக்கூட்டும் பெண் ஓட்டுநராக, இயந்திர இயக்குநராக, மேற்பார்வையாளராக உயர்வதற்கான பதவி வரிசை அந்த ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். இருபது ஆண்டு துடைப்பம் பிடித்தவருக்கு மேற்பார்வை செய்யத் தெரியாது என்று நினைப்பவர்கள் ஒருநாள் அவரோடு அந்தத் தெருவில் நடந்து பார்க்கட்டும்.

விதிகள் மாறும்வரை தொழிலாளர் கையில் இருப்பவை சில. ஈ.எஸ்.ஐ.-யில் பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என இரண்டு. நடுவில் சம்பளம் 21,000-ஐத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும்வரை காப்பீடு தொடரும். மிகைநேர வேலைக்கான ஊதியம் வரம்பைக் கணக்கிடும்போது சேராது. எனவே மிகைநேரத்தால் மட்டும் கூடிய சம்பளத்தைக் காட்டி ஒப்பந்ததாரர் பெயரை நீக்கினால் அதை ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுத்துமூலம் மறுக்கலாம். அதற்கு, மிகைநேர ஊதியம் தனியாகக் காட்டப்பட்ட மாதச் சம்பளச் சீட்டு கையில் இருக்க வேண்டும். தராத ஒப்பந்ததாரரிடம் அதைக் கேட்டு வாங்குவதே முதல் வேலை.